பூட்டிய பொத்தான்

இணையவழிப் பாடத்தின் ஒவ்வொரு ஸ்லைடிலும் கற்பவரைச் சற்று நிறுத்திவைப்பது எப்படி என்று, கலிபோர்னியாவில் பாடம் வகுக்கும் சிநேகிதர் ஒருவர் இன்று கேட்டார்.

பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புப் பயிற்சி மேற்பார்வையாளர்க்கு 2 மணி நேரமும் ஏனைய ஊழியர்க்கு 1 மணி நேரமும் நடைபெற வேண்டுமென்று அம்மாநிலச் சட்டம் விதித்திருப்பதால், 'அடுத்து' என்னும் பொத்தானைக் குறித்த விநாடிகள்வரை பூட்டிவைக்கும் யோசனை அவருக்கு உதித்தது இயல்பே.

ஆனால், இணையவழிப் பாடங்களுக்கான 'ஸ்கார்ம்' நியமப்படி அமைந்த பாடம் கற்பவர் அதில் கழித்த நேரத்தைப் பதிவு செய்யுமேயன்றி, அவருடைய சிரத்தையை அளக்க வல்லதன்று. விரைந்து வாசிப்பவர்க்கு அந்தப் பூட்டு வீண் தண்டனை. குறித்த நேரம் முடிந்ததும் தானாகவே நகர்ந்துவிடும் ஸ்லைடோ, திரைவாசிப்பானின் துணையால் படிக்கும் பார்வையற்றோர்க்குப் பெரும் அநீதி.

சிந்தித்தாலன்றி விடை கூற இயலாத கேள்வி ஒன்றைப் பூட்டுக்குப் பதிலாக வைத்தால் போதாதா?

பாடம் வகுக்கும் நண்பர்களே, உங்கள் அபிப்பிராயம் என்ன?