முத்தியால்பேட்டை டு முத்தியால்பேட்டை!

முத்தியால்பேட்டைனு சொன்னா, 'எந்த முத்தியால்பேட்டை?'னு கேட்கணும். ஏன்னா ரெண்டு இருக்கு! ஒண்ணு சென்னையில்... தம்புச் செட்டி தெரு, லிங்கிச் செட்டி தெருன்னு நீளுதே, ஜார்ஜ் டவுனின் கிழக்குப் பாதி, அது. ரோட்டைத் தாண்டினா துறைமுகம். இன்னொண்ணு புதுச்சேரியில்... டவுனுக்கு வடக்கே, மணிக்கூண்டும் மார்க்கெட்டுமா எந்நேரமும் ஜேஜேன்னு இருக்கிற ஏரியா. அதைத் தாண்டி ரெண்டு எட்டு வச்சா தமிழ்நாட்டு எல்லை, கோட்டக்குப்பம்.

ரெண்டுக்கும் நடுவில் சுமார் 150 கிலோமீட்டர். ஈ.சி.ஆர். பஸ்ஸில் ஜன்னலோர சீட் பிடிச்சு நாம எல்லோரும் நூறு தடவை போய் வந்த ரூட்தான். அதையே கப்பலில் போனா எப்படி இருக்கும்? கடலை போடத் தெரிஞ்ச நமக்குக் கடலில் போகத் தெரியாதா என்ன!

விஷயம் இதுதான். 'கோர்டேலியா' நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' சொகுசுக் கப்பல் 2022 ஜூன் மாசம் சென்னையிலிருந்து ஓட ஆரம்பிச்சது. அப்போ புதுச்சேரி அரசு அனுமதி கொடுக்கலை. கப்பல்ல கேசினோ இருக்குன்னு எதிர்ப்பு கிளம்ப, கண்ணுக்கு எட்டின ஊரில் கால் வைக்காமலே பயணிகள் திரும்ப வேண்டியதாப் போச்சு. அப்புறம் 2025 ஜூலை 4-ம் தேதி, விசாகப்பட்டினத்திலிருந்து கிளம்பி வந்த அதே கப்பல் புதுச்சேரி கடலில் நங்கூரம் போட்டது. பயணிகள் ஊருக்குள்ள வந்தாங்க, சுத்திப் பார்த்தாங்க, சென்னைக்குக் கிளம்பினாங்க. இன்னொரு சுவாரஸ்யம்... 1990-ல் ஓட ஆரம்பிச்ச இந்தக் கப்பல் கட்டப்பட்டது பிரான்ஸ் நாட்டின் சான் நசேர் துறைமுகத்தில். பிரெஞ்சுக் கப்பல் பிரெஞ்சு ஊரைத் தேடி வந்திருக்கு!

இந்த மாதிரி கப்பல்களின் ரூட்டும் தேதியும் சீசனுக்கு சீசன் மாறும். அதனால முதல் டிப்ஸ்... போன வருஷம் போன ஃப்ரெண்டு சொன்னதை நம்பி லீவு போடாதீங்க. இந்த சீசனில் புதுச்சேரி லிஸ்ட்டில் இருக்கான்னு பார்த்துட்டு அப்புறம் ஹெச்.ஓ.டி-யிடம் கதை விடுங்க.

டிக்கெட்டைத் தட்டறதுக்கு முன்னாடி

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிற ரேட், பெரும்பாலும் ஒரு ரூமில் ரெண்டு பேர் தங்கினா ஒரு ஆளுக்கு ஆகிற காசு. அதுக்கு மேல ஜி.எஸ்.டி., துறைமுகக் கட்டணம், சர்வீஸ் சார்ஜ்னு வால் நீளும். 'மொத்தமா எவ்வளவு?' இந்த ஒரே கேள்வியைக் கேளுங்க. நாலு பேரா சேர்ந்து ஒரே ரூம் எடுத்தா மூணாவது, நாலாவது ஆளுக்கு ரேட் குறையும். தனியா போற மகாராசனுக்குத்தான் செலவு ஜாஸ்தி.

ஜன்னலே இல்லாத உள்பக்க ரூம்தான் இருக்கிறதிலேயே சீப். கவலைப்படாதீங்க, ரூமுக்குள் படுத்துக்கிடக்கவா கப்பல் ஏறுறோம்? மேல்தளம் எல்லாருக்கும் பொது. சாப்பாடு பெரும்பாலும் டிக்கெட்டிலேயே அடக்கம். குளிர்பானம், ஸ்பெஷல் ஐட்டம், இன்டர்நெட் எல்லாம் தனிக் காசு. கப்பலுக்குள் பெரும்பாலும் ஒரு கார்டைத் தேய்ச்சுத்தான் எதையும் வாங்கணும். தேய்க்கும்போது தெரியாது, இறங்கும்போது பில்லைப் பார்த்தா தெரியும்!

பேப்பர் முக்கியம் பாஸ்!

இதே வடக்குக் கடலோர ரூட்டில் வந்து புதுச்சேரியில் இறங்கின பெரிய பயணி ஒருத்தர் இருக்கார்... அரவிந்தர். கல்கத்தாவில் 'டூப்ளே' என்ற பிரெஞ்சுக் கப்பல் ஏறி, 1910 ஏப்ரல் 4-ம் தேதி புதுச்சேரி வந்து சேர்ந்தார். பிரிட்டிஷ் போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவ டிக்கெட்டில் வேற பேர். ஆனா அவரையும் ஒரு பேப்பர் அலைய வச்சது. கப்பல் ஏற டாக்டரின் ஹெல்த் சர்டிஃபிகேட் வேணும். கடைசி நேரத்தில், ராத்திரியில், டாக்டர் வீட்டைத் தேடிப் போய் வாங்கிட்டு வந்துதான் ஏற முடிஞ்சது.

அவருக்கு நாட்டு விடுதலை காரணம். நமக்கு அப்படி எதுவும் இல்லை! அதனால டிக்கெட்டில் இருக்கிற பேரும் ஆதாரில் இருக்கிற பேரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும். ஒரிஜினல் அடையாள அட்டை கையில், ஜெராக்ஸ் பையில். பதினெட்டு ஆகாத ஃபர்ஸ்ட் இயர் பசங்க பெரியவங்க துணையில்லாம ஏற முடியாது. கப்பல் கிளம்புற நேரம் வேற, போர்டிங் முடியுற நேரம் வேற. போர்டிங் ரொம்ப முன்னாடியே மூடிடும். பஸ்ஸை ஓடிப்போய்ப் பிடிக்கிற திறமை இங்க செல்லாது.

வயிறு பத்திரம்

வங்கக்கடல் ஸ்விம்மிங் பூல் இல்லை. கப்பல் எவ்வளவு பெருசா இருந்தாலும் ஆட்டம் இருக்கும். தொட்டிலைக் கற்பனை பண்ணுங்க. ரெண்டு முனையிலும் ஆட்டம் ஜாஸ்தி, நடுவில் கம்மி. அதனால ரூம் கேட்கும்போது கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்க. பஸ்ஸிலேயே வாந்தி எடுக்கிற ஆளா நீங்க? டாக்டரைக் கேட்டு மாத்திரை வாங்கிக்கோங்க. அதைக் கப்பல் ஆடுறதுக்கு முன்னாடியே போடணும். குமட்டல் வந்த பிறகு போட்டா மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துடும்.

தலை சுத்துதா? ரூமுக்குள் படுத்துக்கிட்டு செல்போனை நோண்டாதீங்க. மேல்தளத்துக்கு வந்து, தூரத்தில் கடலும் வானமும் சேர்ற கோட்டையே பாருங்க. இஞ்சி மரப்பா ஒரு பாக்கெட் பையில் இருக்கட்டும். வெறும் வயிறும் கூடாது, பஃபேவில் மூணு தடவை தட்டை நிரப்பறதும் கூடாது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தக் கரைக்குப் புயல் சீசன். 2011 டிசம்பர் 30-ல் தானே, 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல்னு புதுச்சேரியைப் புரட்டிப்போட்ட புயல்கள் எல்லாம் இந்த மாசங்களில் வந்தவைதான். அந்த நேரத்து டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன், கேன்சல் ஆனா காசு எப்படித் திரும்பும்னு கேட்டுக்கோங்க.

கரை எந்தக் கைப்பக்கம்?

இதைப் பல பேர் யோசிக்கிறதே இல்லை. கப்பல் போற திசையைப் பார்த்து நின்னுக்கோங்க. சென்னையிலிருந்து புதுச்சேரிக்குத் தெற்கே போகும்போது கரை உங்க வலது கைப்பக்கம், சூரிய உதயம் இடது பக்கம். திரும்பி வடக்கே வரும்போது அப்படியே உல்ட்டா. கப்பல் கரையை விட்டுத் தள்ளியேதான் போகும். பகலில் கரை தெரிஞ்சாலே அதிர்ஷ்டம். ராத்திரியில் வெளிச்சப் புள்ளிகளைத் தேடுங்க. விட்டு விட்டு மின்னினா அது கலங்கரை விளக்கம்.

கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் சிக்னல் அவுட். போனை ஃபிளைட் மோடில் போட்டுடுங்க. இல்லேன்னா கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கை அது பாட்டுக்குப் பிடிச்சுக்கும். ரோமிங் பில் வந்தா டிக்கெட் காசே தேவலைனு தோணும். வீட்டில் 'நாளைக்குக் காலையில்தான் பேசுவேன், பயப்படாதீங்க'னு முன்னாடியே சொல்லிடுங்க, அம்மாக்கள் பாவம்.

ஏறினதும் பாதுகாப்புப் பயிற்சி நடக்கும். அதை கட் அடிக்காதீங்க. ஏழு குட்டை ஊதல், அடுத்து ஒரு நீள ஊதல்... இது கேட்டா லைஃப் ஜாக்கெட்டோடு உங்களுக்குச் சொன்ன இடத்துக்குப் போகணும். லிஃப்ட் வேண்டாம், படிதான். கம்பி மேல ஏறி 'டைட்டானிக்' போஸ் கொடுக்கிற ஐடியா இருந்தா இப்பவே அழிச்சிடுங்க. ராத்திரியில் கடலில் விழுந்த ஆளைத் தேடுறது ரொம்ப ரொம்பக் கஷ்டம்.

பெரிய கப்பல் கரைக்கு வராது

புதுச்சேரியில் கப்பல் அப்படியே கரையோரம் வந்து நிக்கும்னு நினைக்காதீங்க. 211 மீட்டர் நீளக் கப்பல் வந்து நிற்க இங்கே உள்ள துறைமுகத்தில் ஆழம் போதாது. நடுக்கடலில் நங்கூரம் போட்டு, சின்னக் கப்பலில் ஏத்தித்தான் கரையில் விடுவாங்க. இது புதுசு இல்லை. பிரெஞ்சுக்காரங்க காலத்திலும் இதே கதைதான். ஆணியே அடிக்காம கயித்தால தைச்ச மசூலா படகுகள்தான் அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தன. பிறகு இரும்புப் பாலம் போட்டாங்க, அதை 1952 புயல் தின்னுடுச்சு. அடுத்து 1960-களில் வந்த பாலத்திலும் ஒரு பகுதி 2022 மார்ச்சில் இடிஞ்சு விழுந்தது.

அதனால... அலை ஜாஸ்தியா இருந்தா கேப்டன் 'இறங்க வேண்டாம்'னு சொல்லலாம். அவர் சொல்றதுதான் முடிவு, சண்டை போடாதீங்க. கப்பலுக்கும் படகுக்கும் நடுவில் கால் வைக்கும்போது ரெண்டு கையும் காலியா இருக்கணும். பை முதுகில், போன் பாக்கெட்டில், காலில் ஹீல்ஸ் இல்லாத செருப்பு. திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்குனு கையிலேயே எழுதிக்கோங்க. கப்பல் யாருக்காகவும் நிக்காது. அப்புறம்... பாண்டின்னதும் சிரிக்கிறீங்களே, தெரியுது! பாட்டிலோடு திரும்பினா கப்பல் வாசலிலேயே வாங்கி வச்சுடுவாங்க.

வடக்கே திரும்புங்க

கரையில் கிடைக்கிறது சில மணி நேரம்தான். எல்லாரும் காந்தி சிலை, மஞ்சள் சுவர், ஒரு காபினு முடிச்சுட்டு வந்துடுவாங்க. நீங்க அப்படியே வடக்கே வாங்க. பீச் ரோடு முடிஞ்சதும் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், அடுத்து முத்தியால்பேட்டையின் கடலோரமான சோலை நகர். ஆட்டோ பிடிச்சா துறைமுகத்திலிருந்து சில நிமிஷம்தான். ரேட்டை ஏறுறதுக்கு முன்னாடியே பேசிடுங்க. வைத்திக்குப்பம்னா மாசி மகம். சுத்துப்பட்டு ஊர் சாமியெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து சேர்ற கடற்கரை. முத்தியால்பேட்டை நெசவுக்குப் பேர் போன பேட்டை. சோலை நகர் மீனவர் ஊர். படகும் வலையும் பேச்சும் உங்களை வரவேற்கும்.

அங்கே கரையோரம் கொட்டிக் கிடக்கிற பாறாங்கல்லைப் பார்த்து, 'சூப்பர் லொகேஷன்'னு செல்ஃபி எடுக்கத் தோணும். எடுங்க, ஆனா பாசி வழுக்கும், கல் மேல ஏறாதீங்க. அதோட, அந்தக் கல் ஏன் அங்க வந்ததுன்னும் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க.

இந்தக் கரையில் மணல் சும்மா கிடக்காது, நடந்துக்கிட்டே இருக்கும். வருஷத்தில் பெரும்பாலான மாசங்கள் அலைகள் மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவமழை சமயத்தில் திரும்ப தெற்கே தள்ளும். கூட்டிக் கழிச்சா வடக்கே போறதுதான் ஜாஸ்தி. 1989 வாக்கில் அரியாங்குப்பம் ஆத்து முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக ரெண்டு கல் தடுப்பு கடலுக்குள் நீட்டினாங்க. தெற்கிலிருந்து வந்த மணல் அங்கேயே நின்னுடுச்சு. வடக்குக் கரைக்குப் பழைய மணல் போய்க்கிட்டே இருந்தது, புது மணல் வரலை. டவுன் பீச் காணாமப் போச்சு. கடல் ஊருக்குள் வராம இருக்கக் கல்லைக் கொட்டினாங்க. கல் கொட்டின இடத்துக்கு வடக்கே கடல் அரிக்க ஆரம்பிச்சது. அங்கேயும் கல், அதுக்கும் வடக்கே அரிப்பு. இப்படியே எல்லை தாண்டி கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம்னு போச்சு. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்தப்போ பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி பக்கம் வீடுகளே கடலுக்குள் சரிஞ்சன.

2018-ல் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே தண்ணிக்கடியில் ஒரு இரும்புத் திட்டு அமைச்ச பிறகு டவுன் பக்கம் மணல் திரும்பி வந்தது. காந்தி சிலை பக்கத்தில் நீங்க கால் நனைக்கிற மணல் அப்படி வந்ததுதான். ஆனா வலை காய வைக்கவும் படகு இழுத்துப் போடவும் அகலமான மணல் வேணும்னு கேட்கிறவங்க வடக்கே இருக்காங்க. உங்களை இறக்கிவிட்ட அதே துறைமுகத்தின் இன்னொரு கணக்கு இது. சோலை நகரில் யாராவது பெரியவர் வலை பின்னிக்கிட்டு உட்கார்ந்திருந்தா, 'ஐயா, முன்னாடி கடல் எங்க இருந்துச்சு?'னு கேட்டுப் பாருங்க. கைநீட்டிக் காட்டுவார். இப்போ அந்த இடத்தில் அலை அடிச்சுக்கிட்டிருக்கும்.

பையில் இருக்கா?

* ஒரிஜினல் அடையாள அட்டை, ரெண்டு ஜெராக்ஸ்
* டாக்டர் சொன்ன மாத்திரை, இஞ்சி மரப்பா
* ராத்திரி மேல்தளத்தில் காத்து பிச்சுக்கிட்டுப் போகும், ஒரு ஸ்வெட்டர்
* தொப்பி, வழுக்காத செருப்பு
* கரையில் செலவுக்குச் சில்லறை
* தண்ணி பாட்டில். பிளாஸ்டிக்கைக் கடலில் வீசினா நீங்க நம்ம ஃப்ரெண்டே இல்லை!

பாக்கெட் மணி பத்தலையா? சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போற அரசுப் பயணிகள் கப்பலில் பங்க் கிளாஸ்னு ஒண்ணு இருக்கு. ஏறக்குறைய மூணு நாள் கடல். சொகுசு கிடையாது, மேலே சொன்ன வயிறு டிப்ஸ் மட்டும் டபுளா தேவைப்படும். அதுவும் வேண்டாமா? ஈ.சி.ஆர். பஸ் ஏறி முத்தியால்பேட்டையில் இறங்குங்க. சோலை நகர் பெரியவர் பஸ்ஸில் வந்தவங்களுக்கும் கைநீட்டிக் காட்டுவார்.