மீனாவின் கீழ்த்தாடை

செவ்வாய், சேலையூர்

மீனா சாப்பாட்டைக் கடித்ததும் தலையை ஒருபக்கமாகச் சாய்த்துத் துப்பிவிடுகிறது. நெத்திலியை மட்டும் மெல்லாமல் விழுங்குகிறது. "பூனைக்குப் பல் டாக்டரா? நல்லா இருக்கும்மா கதை" என்கிறார் அத்தை.

புதன்

டாக்டர் மீனாவின் உதட்டைத் தூக்கிக் காட்டினார். கீழே, இரண்டு பக்கமும் கோரைப்பல்லுக்கு அடுத்த பல்லின்மேல் ஈறு சிவந்து ஏறியிருக்கிறது. பார்த்தால் ஈறு வளர்ந்த மாதிரி. உண்மையில் பல்லில் விழுந்த குழியை அது மூடியிருக்கிறது. பூனைகளுக்குப் பெரும்பாலும் முதலில் பழுதாவது இந்தப் பல்தானாம். சொத்தை இல்லை. சொத்தையைக் கிருமிகள் உண்டாக்கும். இங்கே உடம்பே பல்லைக் கரைக்கிறது. பால்பல் விழும் வயதில் வேரைக் கரைக்கும் அதே வகைச் செல்கள், வளர்ந்த பல்லின்மேல் பாய்கின்றன. ஏன் என்று மருத்துவ உலகமே இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை. வைட்டமின் டி அதிகமானதால் என்று ஒரு கருத்து இருந்தது, நிரூபணமாகவில்லை.

"வலிக்குதேன்னு பாராசிட்டமால் கொடுத்துடாதீங்க" என்றார் இரண்டு தடவை. நமக்குச் சாதாரண மாத்திரை, பூனையைக் கொன்றுவிடும்.

வியாழன்

வாய்க்குள் வைத்து எடுக்கும் பல் எக்ஸ்ரே வேண்டும், அதுவும் மயக்கம் கொடுத்து. பள்ளிக்கரணையிலிருந்து காட்டாங்குளத்தூர் வரை மனிதருக்கான பல் மருத்துவக் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. பூனைக்கென்று விசாரித்தால், "சிட்டிக்குள்ள போங்க" என்கிறார்கள்.

சனி

படத்தைத் திரையில் பார்த்ததும்தான் புரிந்தது. இடப்பக்கப் பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு தெளிவாக இருக்கிறது. வேர் எலும்போடு ஒட்டவில்லை என்று அர்த்தம். அதை முழுசாகப் பிடுங்க வேண்டும், துண்டு தங்கினால் தொல்லை. வலப்பக்கம் அந்தக் கோடே இல்லை. வேர் கரைந்து எலும்பாகவே மாறிக்கொண்டிருக்கிறது. அதைத் தோண்டப் போனால் தாடை உடையும் அபாயம். மேற்பகுதியை மட்டும் வெட்டி, ஈறை இழுத்துத் தைத்தார்கள். வாய் முழுக்கப் புண்ணோ வேரில் சீழோ இருந்திருந்தால் இந்தச் சலுகையும் கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பல்லும் ஒரே மாதிரிதான். படமில்லாமல் கத்தியெடுப்பது சூதாட்டம்.

அடைத்துப் பார்க்கலாமே என்று கேட்டேன். முன்பு செய்தார்களாம்; அடைப்புக்கு அடியிலேயே கரைவது தொடர்ந்ததால் கைவிட்டார்கள்.

திங்கள்

குழைந்த சோறும் வேகவைத்த மீனும். தட்டு காலி. மயக்கத்தில் இருந்தபோதும் அந்தப் பல்லைத் தொட்டதும் தாடை துடித்தது என்று டாக்டர் சொன்னதை அத்தையிடம் சொன்னேன். இப்போது முள் எடுத்துப் போடுவது அவர்தான். ஒரு பல்லில் வந்தால் மற்றவற்றிலும் வரலாம், அடுத்த வருஷமும் படம் எடுக்க வேண்டும் என்றேன். "இதே செலவா?" என்றார்.