முகம் தேய்ந்த செப்புக்காசு

மண்ணிலிருந்து எடுத்த பழைய செப்புக்காசைக் கையில் வாங்கியதும் எல்லோருடைய கண்ணும் எழுத்தைத்தான் தேடும். ராஜா பெயர் இருக்கிறதா, வருஷம் தெரிகிறதா? இங்கிலாந்தின் உழுத வயல்களில் அகப்படும் பதினெட்டாம் நூற்றாண்டுக் காசுகளில் பெரும்பாலும் இரண்டுமே இருப்பதில்லை. கை மாறிக் கை மாறி மழுங்கியது பாதி, உர உப்பும் ஈரமும் அரித்தது மீதி. ஆனாலும் அவற்றில் பலவற்றை இன்னதென்று சொல்லிவிடலாம். எழுத்து போன பிறகும் எடை, அகலம், தலை பார்க்கும் திசை, மறுபக்கத்து உருவம் உட்கார்ந்திருக்கும் விதம் ஆகியவற்றைச் செம்பு அவ்வளவு சீக்கிரம் விடுவதில்லை.

கெண்ட் பகுதியில் ஒரு விவசாயியின் அனுமதியோடு மெட்டல் டிடெக்டர் எடுத்துப் போகும் வழக்கம் எனக்கும் ஒரு யாழ்ப்பாணத்து நண்பருக்கும் உண்டு. வீடே இல்லாத நடுவயலில் காசு எப்படி வந்தது என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். ஒரு காலத்தில் லண்டன் தெருக் குப்பையும் சாணமும் படகேறி வந்து இந்த நிலங்களுக்கு எருவாயின. நகரத்தில் தவறவிட்ட பொத்தானும் காசும் அதோடு வந்தன. போன இலையுதிர் காலத்தில் அப்படி அரைப் பென்னி அளவில் ஒரு காசு கிடைத்தது. பச்சைக் களிம்பேறி, தொட்டால் வழுவழுவென்று இருந்தது. “அண்ணை, உரஞ்சாதேங்கோ” என்றார் நண்பர். அவர் சொன்னது மிகச் சரி. மண்ணில் கிடந்த செம்பில், மிஞ்சிய வரிவடிவம் பல நேரம் அந்தக் களிம்புப் படலத்தில்தான் நிற்கும். தேய்த்துப் பளபளப்பாக்கினால் செம்பு மிஞ்சும், காசு போய்விடும்.

வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு சிறு டார்ச்சை மேசை மட்டத்துக்கே தாழ்த்திப் பக்கவாட்டில் வெளிச்சம் விழச் செய்தேன். நேர் வெளிச்சத்தில் மொட்டையாக இருந்த பரப்பில் மேடும் பள்ளமும் எழுந்தன. பூப்பக்கத்தில் ஒரு பெண் இடப்புறம் நோக்கி உட்கார்ந்திருக்கிறாள், கையில் ஈட்டி. அது பிரிட்டானியா. இரண்டாம் சார்லஸ் 1672-இல் செப்பு அரைப் பென்னியிலும் கால் பென்னியான ஃபார்த்திங்கிலும் அவளை உட்கார வைத்தார். 1797-இல் அவள் கைக்குத் திரிசூலம் வந்தது. ஈட்டி என்றால் அதற்கு முந்தைய காசு.

தலைப்பக்கம் திருப்பினால் நிழலாக ஒரு தலை, அதுவும் இடப்புறம் பார்க்கிறது. இந்த ஒரு செய்தி பாதி வேலையை முடித்துவிட்டது. மூன்றாம் வில்லியம், முதலாம் ஜார்ஜ், மூன்றாம் ஜார்ஜ் ஆகியோர் அரைப் பென்னியில் வலப்புறம் பார்ப்பவர்கள். இடப்புறம் பார்ப்பவர்கள் இரண்டாம் சார்லஸும் இரண்டாம் ஜார்ஜும். காசைச் சுற்றிச் சுற்றித் திருப்பியதில், விளிம்பருகே இரண்டு நேர்க்கோடுகள் அடுத்தடுத்து நின்றன. ரோமன் இரண்டு. சார்லஸின் செப்புக்காசில் பெயரோடு அந்த எண் கிடையாது. ஆகவே இவர் இரண்டாம் ஜார்ஜ், காலம் 1729-க்கும் 1754-க்கும் இடையில். 1739 வரை இளமுகம், 1740 முதல் முதியமுகம் என்று இன்னும் நெருங்க வழி உண்டு. இந்தக் காசில் கன்னமே இல்லை. அதனால் கால் நூற்றாண்டு அகலத்தோடு நிறுத்திக்கொண்டேன். தெரிந்ததற்கு மேல் ஒரு வருஷத்தைத் துணிந்து எழுதுவது அந்தக் காசுக்குச் செய்யும் துரோகம் என்றே நினைக்கிறேன்.

எடைதான் என்னை அதிக நேரம் உட்கார வைத்தது. ஒரு பவுண்டு செம்பில் 46 அரைப் பென்னி என்பது அன்றைய அரசுக் கணக்கு. அப்படியானால் ஒன்று 9.86 கிராம். என் தராசு காட்டியது 8.1. தேய்மானமா, போலியா? இந்தச் சந்தேகம் அந்தக் காலத்துக் கடைக்காரருக்கும் இருந்தது. சில்லறைத் தட்டுப்பாட்டால் கள்ள அரைப் பென்னிகள் பெருகி, 1780-களில் புழங்கியவற்றில் நல்லதைத் தேட வேண்டிய நிலை. எடை குறைவான மெல்லிய தகட்டில் அடிப்பதுதான் கள்ளக்காசுக்காரரின் லாபம். என் காசு நடுவிலும் ஓரத்திலும் ஒரே கனமாக இருக்கிறது, அந்த இரண்டு கோடுகளும் செதுக்குத் தெரிந்தவர் வெட்டியவை. நல்ல காசுதான் என்று முடிவு செய்தேன். குறைந்த ஒன்றே முக்கால் கிராமில் மண் தின்றதும் உண்டு, மனிதக் கைகள் கொண்டுபோனதும் உண்டு.

கள்ளக்காசை ஒழிக்க வந்தவர் பர்மிங்காமின் மேத்யூ போல்டன். சோஹோவில் நீராவி இயந்திரத்தால் ஒரே அளவில் காசடித்தார். 1797-இன் பெரிய செப்புப் பென்னி அவருடையது. அதே சோஹோ ஆலையில்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணத்துக்கான பத்துக் காசும் இருபது காசும் 1803-இலும் 1808-இலும் அடிக்கப்பட்டன. ஒரு பக்கம் சிங்கங்கள் தாங்கிய கேடயம், மறுபக்கம் பாரசீக எழுத்து. 1808-ஆம் ஆண்டுக் காசுகளைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிக்கொண்டு புறப்பட்ட அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல், 1809 ஜனவரியில் இதே கெண்ட் கரைக்கு எதிரே குட்வின் மணல்திட்டில் உடைந்தது. 1980-களில் முக்குளிப்பவர்கள் அந்தக் காசுகளை ஏராளமாக எடுத்தார்கள். இன்றும் நாணயக் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. சிங்கத்தின் பிடரி கூடத் தெரியும் அளவுக்குப் பலவும் புதிதாக இருக்கின்றன. கீரைக்காரியின் முந்தானையில் முடியப்படாத, கோயில் உண்டியலில் விழாத காசுகள் அவை. தமிழ்நாட்டில் பழங்காசு வியாபாரிகளிடம் அதே இருபது காசு கிடைக்கும்போது, கேடயம் வெறும் வீக்கமாக மழுங்கியிருக்கும். எனக்கு அதன் மேல்தான் ஆசை. எந்தச் சந்தையில் எத்தனை பேர் எண்ணி வாங்கினார்கள் என்பதற்கு அந்த மழுக்கம்தான் சாட்சி.

இங்கிலாந்தில் கண்டெடுப்புகளைப் பதிவுசெய்யும் தேசியத் திட்டம் ஒன்று 1997-இலிருந்து நடக்கிறது. முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்டவற்றுக்குத்தான் அங்கே முன்னுரிமை. ஜார்ஜின் அரைப் பென்னிகள் பெரும்பாலும் வெளியே நின்றுவிடுகின்றன. எனவே உறையின் மேல் நானே எழுதி வைக்கிறேன்: அரசர், காலம், எடை, அகலம், வயலின் எந்த மூலை, எவ்வளவு ஆழம். எருவோடு வந்த காசுகள் எந்த நிலத்தில் எவ்வளவு தூரம் பரவின என்று யாராவது பின்னால் வரைபடம் போட நினைத்தால், இடம் எழுதாத காசு உதவாது.

நண்பர் இன்னொன்றையும் என்னிடம் தந்திருக்கிறார். ஐந்து கிராமுக்குச் சற்றுக் கீழே, ஃபார்த்திங் அளவு, தலை வலப்புறம் பார்க்கிறது. மூன்று அரசர்களில் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை இருட்டியதும் டார்ச்சோடு உட்கார வேண்டும்.