காற்றுக்கு ஒரு ஸ்டாண்டு

உருவம், உள்ளடக்கம் என்று நாம் பேசும்போதெல்லாம் மனதில் இருப்பது டம்ளரும் பாலும்தான். டம்ளர் சும்மா இருக்கிறது. பால் அதற்குள் அடங்கிக் கிடக்கிறது. ஆறு மாதமாக வடசேரியில் எங்கள் வீட்டிலிருக்கும் நான்கு ஸ்கூபா சிலிண்டர்கள் இந்த உவமையை எனக்குப் பயனற்றதாக்கிவிட்டன. இவற்றில் உள்ளடக்கம் அடங்கிக் கிடப்பதில்லை. சதுர அங்குலத்திற்கு 3000 பவுண்டு அழுத்தத்தில், இரவும் பகலும், சுவரைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. கார் டயரில் இருப்பது 30 பவுண்டு.

சிலிண்டர்கள் அத்தானுடையவை. அந்தமானில் சுற்றுலாக்காரர்களுக்குக் கடலில் மூழ்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவர் ஊர் திரும்பிவிட்டார். இப்போது படகுகளின் அடிப்பாகத்தைப் பார்த்துச் சொல்வது, கடலடியில் சிக்கிய நங்கூரத்தை விடுவிப்பது போன்ற வேலைகளுக்குக் கூப்பிட்டால் போகிறார். அம்மா சிலிண்டர்களைக் ‘குண்டு’ என்கிறாள். ‘ஆக்சிஜன்’ என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்; நாளிதழ்களும் அப்படித்தான் எழுதுகின்றன. உள்ளே இருப்பது நாம் சுவாசிக்கும் அதே காற்றுதான், ஈரமும் தூசியும் நீக்கி அமுக்கியது. தனி ஆக்சிஜனோடு ஆறு மீட்டருக்குக் கீழே இறங்கினால் அதுவே விஷமாகி வலிப்பு வரலாம். (மொழிபெயர்ப்பில் ஒரு சொல் தவறினால் ஆள் சாகக்கூடிய இடங்களும் உண்டு.)

அக்காவின் பையனுக்கு நான்கு வயது. வெறும் சிலிண்டரே பதினான்கு கிலோவுக்கு மேல். தட்டையான அடிப்பாகத்தில் தானாகவே நிற்கும். ஆனால் ஒரு குழந்தை பிடித்து இழுத்தால் சாயும். சாயும்போது உச்சியிலுள்ள வால்வு சிமெண்ட் தரையில் மோதும். இதற்குமேல் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. ஆசாரியை அழைத்துவந்தேன்.

“படுக்கப் போட்டா என்னவாக்கும்?” என்றார் முதலில். படுக்கவைத்தால் உள்ளே தப்பித்தவறிப் புகுந்த ஈரம் மெல்லிய பக்கச்சுவரில் தேங்கி அரிக்கும். நிறுத்தினால் அடியில் தங்கும், அடிப்பாகம் கனமானது. இதே காரணத்தால் காற்றை முழுக்கக் காலிசெய்யவும் கூடாது, கொஞ்சம் அழுத்தம் மிச்சமிருக்க வேண்டும் என்பார் அத்தான். அதைச் சொன்னேன். “காத்துக்கு எடை உண்டா சார்?” உண்டு. நிரம்பிய சிலிண்டரில் காற்று மட்டும் இரண்டரை கிலோவுக்கு மேல். அவர் சிரிக்கவில்லை. “நெல்லுக்கும் உண்டும். கீழ மட்டுமா அமுக்கும்? பக்கத்துலயும் தள்ளும்லா” என்றார். அவருடைய தாத்தா பத்தாயம் செய்தவர்.

எங்கள் பத்தாயம் பின்கட்டில் காலியாகக் கிடந்தது. வயல் மனையாகிப் பல வருஷம் ஆயிற்று. அதன் பலகைகளைப் பிரிக்க அம்மா இரண்டு நாள் சம்மதிக்கவில்லை. மூன்றாம் நாள், தானே அதிலிருந்த பழைய பாத்திரங்களை எடுத்து வெளியே வைத்தாள்.

நான் வரைந்துவைத்திருந்த படத்தில் மேல் பலகையில் நான்கு வட்டத் துளைகள். ஆசாரி அதை ஒதுக்கினார். துளையென்றால் ஒவ்வொரு தடவையும் முழங்காலுக்கு மேல் தூக்கி இறக்க வேண்டும், நடு ஒடிந்துவிடும். தரையோடு ஒட்டிய ஒரு தட்டு. பின்னால், அடியிலிருந்து ஒரு சாணில் ஒன்றும் இரண்டு சாணில் ஒன்றுமாக, அரைவட்டமாக வெட்டிய இரு பலகைகள். முன்னால் கழற்றி மாட்டும் குறுக்குச்சட்டம். மொத்தமும் சுவரோடு பிணைப்பு. இரும்பு கூடாதென்பது மட்டும் என் பிடிவாதம்: உப்புநீர் பட்ட அலுமினியத்தில் இரும்பு உரசினால் அலுமினியம் அரிக்கும். வெட்டிய வளைவுகளில் ரப்பர் ஒட்டி, பித்தளைத் திருகாணி போட்டார்.

அழுத்தத்தைப் பற்றி நான் மறுபடியும் ஆரம்பித்தபோது ஆசாரி உளியிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்: “தள்ளுறத அது பாத்துக்கிடும் சார். சாயாம நாம பாத்தாப் போரும்.” பத்து வருஷமாக விமர்சனம் எழுதும் எனக்கு இது கொஞ்சம் உறைத்தது. படைப்பின் விசையையும் நாமே தாங்குவதாக நினைத்துக்கொண்டல்லவா எழுதுகிறோம்.

தூத்துக்குடியில் முத்துக்குளித்தவர்கள் கல்லைக் கட்டி மூச்சை அடக்கி இறங்கினார்கள். மேலே படகில் கயிற்றைப் பிடிப்பவன் மனைவியின் சகோதரனாக இருப்பான், தங்கையைத் தாலியறுக்க விடமாட்டான் என்பதால், என்பார்கள். அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றது. அதற்கு முன்பே, 1943-ல், பிரான்ஸில் கூஸ்தோவும் காஞ்ஞானும் காற்றை முதுகில் சுமந்து இறங்க வழிசெய்துவிட்டார்கள். கயிறு தேவையில்லாமற் போயிற்று. மச்சினனும்தான். அத்தான் இறங்கும் நாட்களில் பாங்கில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து நோட்டு எண்ணுவதைத் தவிர எனக்கு வேலை கிடையாது.

ஆகவே சிலிண்டர்களின் தோளில் குத்தியிருப்பதை வாசித்துவைத்திருக்கிறேன். இவை அமெரிக்கத் தயாரிப்பு. அந்நாட்டு விதிப்படி ஐந்து ஆண்டுக்கொருமுறை உள்ளே நீர் நிரப்பி, வழக்கமான அழுத்தத்தைப்போல் ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவாக ஏற்றி, எவ்வளவு வீங்குகிறது, விட்டபின் எவ்வளவு பழைய அளவுக்குத் திரும்புகிறது என்று அளக்க வேண்டும். திரும்பாத வீக்கம் பத்து சதவீதத்தைத் தாண்டினால் கழித்துவிட வேண்டியதுதான். நான்காவது சிலிண்டருக்கு இந்த ஆவணியோடு ஐந்து வருஷம். அத்தான் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறார். அதை மட்டும் காற்று நிரப்ப எடுத்துப்போகாதபடி, அந்தக் குறுக்குச்சட்டத்துக்கு ஒரு பூட்டு வாங்கி மாட்டியிருக்கிறேன், சாவி அக்காவிடம்.