எம்.ஆர்க். தேர்ந்தெடுக்கும் ஆண்டு: ஒரு நாட்குறிப்பு

ஜூலை

இந்தியாவில் கட்டடக்கலைஞராகத் தொழில் செய்ய முதுகலைப் பட்டம் தேவையில்லை. ஐந்தாண்டு பி.ஆர்க். முடித்தவர், 1972ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர்கள் சட்டப்படி கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டால் போதும். ஒரு பிரிவில் ஆழமாக இறங்குவதுதான் எம்.ஆர்க். என்ற அந்த முதுகலைப் பட்டம் தரும் பயன், ஆசிரியப் பணியை நாடுவோர்க்கு அது ஏறக்குறைய கட்டாயமும்கூட. எனவே முதலில் முடிவாக வேண்டியது பிரிவு. கல்லூரி அதற்குப் பிறகுதான்.

ஆகஸ்ட்

மரபுக் கட்டடப் பாதுகாப்புக்கு டெல்லி, போபால் நகரங்களில் உள்ள எஸ்.பி.ஏ. என்ற திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளிகளும் அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. நகர வடிவமைப்பு டெல்லி எஸ்.பி.ஏ.விலும், லேண்ட்ஸ்கேப் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை, திட்டமிடல் பள்ளியிலும், ஆற்றல் சிக்கனக் கட்டடக்கலை திருச்சி என்.ஐ.டி.யிலும் கற்பிக்கப்படுகின்றன.

பெயரைவிட, அன்றாட வேலையில்தான் பிரிவுகள் வேறுபடுகின்றன. பாதுகாப்புப் பிரிவு மாணவர் பழைய வீடு ஒன்றை அங்குலம் அங்குலமாக அளந்து வரைவார். சுண்ணாம்புப் பூச்சில் ஈரம் எந்த உயரம்வரை ஏறியிருக்கிறது, விரிசல் எங்கே தொடங்குகிறது என்று வரைபடத்தில் குறிப்பார். ஆற்றல் பிரிவு மாணவர் வெயிலும் காற்றும் அறைக்குள் நடந்துகொள்ளும் விதத்தைக் கணினியில் கணக்கிடுவார். எம்.பிளான் படிப்பு நிலப் பயன்பாடு, போக்குவரத்து, வீட்டுவசதி பற்றியது. சிவில் பட்டதாரிகளும், புவியியல், பொருளியல் முதுகலைப் பட்டதாரிகளும் அதில் சேரலாம்.

செப்டம்பர்

முதுகலைச் சேர்க்கைக்கான கேட் தேர்வுக்குப் பதிவு செய்யும் காலம். கட்டடக்கலை, திட்டமிடல் தாளின் குறியீடு ஏ.ஆர். 3 மணி நேரம், 100 மதிப்பெண். அதில் 15 பொதுத் திறனுக்கு. தாளின் ஒரு பகுதியில் கட்டடக்கலை, திட்டமிடல் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதலாம். மதிப்பெண் 3 ஆண்டுகளுக்குச் செல்லும். ஆகையால் கடைசி ஆண்டிலேயே எழுதிவிட்டு, ஓரிரு ஆண்டு அலுவலகத்தில் வேலை பார்த்த பிறகும் சேரலாம். கட்டட வேலை நடக்கும் இடத்தில் நின்று பார்த்தவருக்கு எந்தக் கேள்வியைத் தொடர வேண்டும் என்பது தெளிவாகும். அந்த இடைவெளி வீணல்ல. தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு சீட்டா-பி.ஜி. என்ற மாநில நுழைவுத் தேர்வு வழியும் உண்டு.

நவம்பர்

வெளிநாட்டுக்கு விண்ணப்பிப்பவருக்கு போர்ட்ஃபோலியோதான் பெரிய வேலை. ஒரு நல்ல பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: முற்றம் வைத்த வீட்டின் வெட்டுத் தோற்றம் பக்கம் முழுக்க. ஓட்டில் விழும் மழை முற்றத்தில் இறங்கி, கல் பதித்த தரை வழியே வெளியேறும் பாதை அதில் தெரிகிறது. மூலையில் சிறிதாகத் தரைத்தளப் படம். அடியில் மூன்று வரி: இடம், சிக்கல், எடுத்த முடிவு. அதே பக்கத்தில் எட்டு ரெண்டர் படங்களை நெருக்கினால் வடிவமைப்பின் சிந்தனை மறைந்துவிடும். குழுவாகச் செய்த வேலையென்றால், தன் பங்கு எது என்று எழுதியாக வேண்டும்.

டிசம்பர்

அமெரிக்காவில் எம்.ஆர்க். என்ற ஒரே பெயருக்குள் இரண்டு படிப்புகள் இருக்கின்றன. முதல்வகை தொழில்முறைப் பட்டம். வேறு துறையிலிருந்து வருபவருக்குப் பெரும்பாலும் 3 ஆண்டுகளுக்குக் குறையாது. இரண்டாம் வகை பி.ஆர்க். முடித்தவர்களுக்கானது, சுருக்கமானது. அந்நாட்டில் உரிமம் பெற நினைப்பவர் கட்டடக்கலைப் படிப்புகளை மதிப்பிடும் நாப் வாரியத்தின் அங்கீகாரம் உள்ள பட்டமா என்று பார்க்க வேண்டும். அந்த அங்கீகாரம் பொதுவாக முதல்வகைக்கே உண்டு. ஆய்வு நோக்கம் உள்ளவருக்கு எம்.ஐ.டி.யின் எஸ்.எம்.ஆர்க்.எஸ். போன்ற 2 ஆண்டுப் படிப்புகள் பொருந்தும். பல பள்ளிகளின் கடைசித் தேதி டிசம்பரிலும் ஜனவரியிலும் வருகிறது.

பிப்ரவரி

கேட் முடிந்ததும் துறைகளை நேரில் பார்ப்பது நல்லது. விவரக் கையேட்டைவிட நூலகத்தில் இருக்கும் பழைய தீசிஸ்கள் அதிகம் சொல்லும்: எந்தத் தலைப்புகள், யார் கைடு, களப்பணி எவ்வளவு. ஜூரி என்ற மதிப்பீட்டு அமர்வு ஒன்றைப் பார்க்க வாய்த்தால், ஆசிரியர்கள் மாணவரிடம் எப்படிக் கேள்வி கேட்கிறார்கள் என்பது புரியும். விருப்பமான பிரிவின் ஆசிரியர் வரும் இரண்டு ஆண்டும் அங்கே இருப்பாரா என்பதைக் கேட்டறிய வேண்டும்.

மார்ச் முதல் ஜூன் வரை

கேட் முடிவு மார்ச்சில் வரும். ஐ.ஐ.டி.களின் இடங்கள் கோப் இணையதளம் வழியாகவும், என்.ஐ.டி.களின் இடங்கள் சி.சி.எம்.டி. கவுன்சிலிங் வழியாகவும், தமிழ்நாட்டு இடங்கள் டான்கா கவுன்சிலிங் வழியாகவும் ஒதுக்கப்படும். தகுதியான கேட் மதிப்பெண்ணோடு அங்கீகரிக்கப்பட்ட கல்லூரியில் முழுநேரம் படிப்பவருக்கு மாதம் ரூ.12,400 உதவித்தொகை உண்டு. அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றுக்கு ஏப்ரல் 15க்குள் பதில் சொல்ல வேண்டும். இடங்கள் கைக்கு வந்ததும் பிரிவு, கைடு, கட்டணம், உதவித்தொகை, ஊர்ச் செலவு என்ற வரிசையில் ஒப்பிடுவது நல்லது. விரும்பிய பிரிவு கிடைக்காமல் பெயர்பெற்ற வளாகம் மட்டும் கிடைத்தால், மதிப்பெண் செல்லுபடியாகும் வரை காத்திருப்பதே சரியான முடிவு.