மாயாவியின் கையும் தாத்தாவின் கையும்

சிவகாசி,
ஆடி 12

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். நீ அனுப்பிய ஏழு கதைகளும் போன வாரமே கைக்கு வந்துவிட்டன. ஆடிப்பெருக்குக்குள் காலண்டர் ஆல்பம் முடிய வேண்டும் என்பதால் பிரஸ்ஸில் மூச்சுவிட நேரமில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒவ்வொன்றாக வாசித்தேன். கூட வைத்திருந்த கடிதத்தை மட்டும் இரண்டு தடவை வாசித்தேன். "இது பேய்க்கதையா, அறிவியல் கதையா, தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைகளின் கஷ்டத்தைச் சொல்கிற கதையா, முதலில் அதை முடிவு பண்ணு" என்று யாரோ சொன்னார்களாம். நீயும் நாலாவது கதையைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிடலாம் என்று இருக்கிறாயாம். எடுக்காதே. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

பெட்டி ஒட்டுகிற பிள்ளை லேபிளில் இருக்கிற கப்பலில் ஏறிப் போய்விடுகிறாள் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பிள்ளை நான்தான் பாப்பா. பள்ளிக்கூடம் போகும் முன்னால் ஒரு குரோஸ் ஒட்டி வைத்துவிட்டுத்தான் போவேன். குரோஸ் என்றால் 144 பெட்டி. பசை காய்ந்து விரலில் இன்னொரு தோல் மாதிரி ஏறியிருக்கும், வகுப்பில் அதை உரித்துக்கொண்டே இருப்பேன். ஒரே படத்தை 144 தடவை பார்க்கிற பிள்ளைக்கு அது எங்கே போகிறது என்று தோன்றாமல் இருக்குமா? கஷ்டம் தனியாக, கப்பல் தனியாக என்று அன்றைக்கு எனக்கு இருந்ததில்லை. விரலில் பசையும் கண்ணில் கப்பலுமாகத்தான் இருந்தேன். இப்போது யாரோ வந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள் என்றால் என்ன அர்த்தம்?

இந்த ஊரில் கதை வந்த வழியே அப்படித்தான். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்து 1923-ல் தீப்பெட்டித் தொழிலை ஆரம்பித்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கும் வேண்டும், அதற்கு அச்சாபீஸ் வேண்டும். அச்சாபீஸ் பெருகியதும் காலண்டர் வந்தது. அந்த வரிசையில்தான் 1972-ல் முத்து காமிக்ஸும் வந்தது. முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவி. பத்து வருஷம் முன்னால் லண்டன் வாரப் பத்திரிகை ஒன்றில் தொடங்கிய கதை அது. ஆய்வுக்கூடத்தில் கையை இழந்தவனுக்கு இரும்புக் கை வைக்கிறார்கள். மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துபோவான், கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அறிவியல், உளவு, திகில் எல்லாம் ஒன்றாகக் கிடந்த கதை. எங்கள் தெருப் பிள்ளைகள் யாரும் இது என்ன ரகம் என்று கேட்டதில்லை. அட்டை கிழிந்து நூல் பிரிகிற வரைக்கும் கைமாற்றி வாசித்தோம்.

எனக்கு அப்போது எட்டு வயது. உன் தாத்தா பட்டாசு செய்கிற பயர் ஆபீஸில் பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிற வேலையில் இருந்தார். அலுமினியப் பவுடர் முழங்கை வரைக்கும் ஏறி, சாயங்காலம் சைக்கிளை விட்டு இறங்கும்போது இரண்டு கையும் வெள்ளி மாதிரி மினுங்கும். சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணிலும் ரேகையிலும் மிச்சம் நிற்கும். ஒருநாள் மாயாவியை வாசித்துக்கொண்டிருக்கிறேன், தாத்தா வந்து லைட் ஸ்விட்சைத் தொடப் போனார். "தொடாதீங்கப்பா, மறைஞ்சிருவீங்க" என்று கத்திவிட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. விஷயத்தைச் சொன்னதும் வாசலிலேயே உட்கார்ந்து, முழுக்கதையையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, "ஆளு மறைஞ்சா சம்பளத்தை எந்தக் கையில வாங்குவான்?" என்றார்.

பிற்பாடு இந்த ஊரில் கையை மட்டும் வைத்து ஆளை அடையாளம் காட்டச் சொன்ன நாட்களும் வந்தன. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் தீப்பிடித்தபோது முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். மறுநாள் பேப்பரில் எண்ணிக்கை வந்தது, படங்கள் வந்தன. அன்று ராத்திரி ஸ்விட்சைப் போட என் கை எழும்பவில்லை. இதை எந்தச் செய்தியில் எழுத முடியும்? உன் கதை மாதிரி ஒன்றுதான் இதற்கு இடம் கொடுக்கும்.

இந்தக் கடிதத்தோடு காலச்சுவடு போட்ட 'புதுமைப்பித்தன் கதைகள்' அனுப்புகிறேன். ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 2000-ல் வந்தது. முதலில் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' வாசி. கடவுள் சென்னைக்கு வந்து காபி குடிக்கிறார், வைத்தியப் பத்திரிகைக்கு இருபத்தைந்து ரூபாய் ஜீவிய சந்தா கட்டுகிறார், நடனமாட வாய்ப்புக் கேட்டுப் போய் ஆகாது என்று திருப்பி அனுப்பப்படுகிறார். சிரித்துக்கொண்டே வாசிப்பாய், முடிந்த பிறகு வயிற்றைப் பிசையும். அடுத்து 'காஞ்சனை'. அதே பெயரில் 1943-ல் ஒரு தொகுப்பும் வந்தது. வீட்டுக்கு வந்த வேலைக்காரி பேயா, இல்லை எழுதுகிறவனின் புத்தி பிசகிவிட்டதா என்று கடைசி வரைக்கும் புதுமைப்பித்தன் சொல்லவே மாட்டார். ராத்திரியில் ஒரு வாடை வரும், அவ்வளவுதான், நமக்கு முதுகு சில்லிடும். 'சாப விமோசனம்' அகலிகையின் கதை. அதைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன். நாற்பத்திரண்டு வயதில், 1948-ல், காசநோயில் புதுமைப்பித்தன் போய்விட்டார். அதற்குள் புராணம், பேய், கேலி, பட்டணத்துப் பசி எல்லாவற்றையும் ஒரே பேனாவால் எழுதினார்.

கண்டதை எழுதுவது, கற்பனையில் பறப்பது என்று நம் பக்கத்தில் இரண்டு வழியும் உண்டு. மேலாண்மறைநாட்டு மேலாண்மை பொன்னுச்சாமி கண்ணால் கண்ட வியர்வையை எழுதினார், 2007-ல் சாகித்ய அகாதெமி விருது வாங்கினார். மல்லாங்கிணற்று எஸ். ராமகிருஷ்ணன் 'தாவரங்களின் உரையாடல்' என்று தொகுப்புக்கே பெயர் வைத்தார், 2018-ல் 'சஞ்சாரம்' நாவலுக்கு அதே விருது. இரண்டு பேரையும் குடித்த வெயில் ஒன்றுதான்.

ஒரு குறை சொல்லவேண்டும். ஆறாவது கதையில் அந்த விஞ்ஞானி இரண்டு பக்கத்துக்கு விளக்கம் சொல்கிறாரே, அதை அடித்துவிடு. வாடைக்குப் புதுமைப்பித்தன் விளக்கம் சொல்லியிருந்தால் நமக்குப் பயம் வந்திருக்குமா? ஐந்தாவது கதையில், காலண்டர் பிரஸ்ஸில் மஞ்சள் மை மட்டும் ஏறிய முருகன் கண் திறக்காமல் அடுத்த மைக்குக் காத்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். நான் முப்பது வருஷமாக அந்தத் தாளை அடுக்கி வைக்கிறேன், எனக்குத் தோன்றாதது உனக்குத் தோன்றியிருக்கிறது. அதில் ஒரு எழுத்தையும் தொடாதே.

உன் நாலாவது கதையை நேற்று முன்தினம் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். இப்போது காது மந்தம், சத்தமாக வாசிக்கவேண்டியிருந்தது. கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ள அப்புறம் வீட்டுக்கு வந்துச்சா?" என்றார். நீ எழுதவில்லையே, அதனால் தெரியாது என்று சொன்னேன். நேற்று சாப்பிடும்போதும் கேட்டார். இன்றைக்குக் காலையில் எழுந்ததும் கேட்டார்.

அன்புடன்,
உன் அத்தை