பெயர் அறியா நோய்

நோய்க்குப் பெயர் இடுவதில் என்ன இருக்கிறது, மருந்தைக் கொடுத்தால் போதாதா என்று கேட்போர் நம்மிடையே உண்டு. பெயர் அறியாமல் கொடுக்கும் மருந்து திசை அறியாத மரக்கலம் போன்றது என்பதை ஒரு நோயின் வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

1897ஆம் ஆண்டில் எடின்பரோ நகர மருத்துவர் மெக்பிரைடு, ஒருவருடைய மூக்கும் முகமும் விரைந்து அழிந்ததைப் பதிவு செய்தார். பின்வந்தோர் அந்நோயை ‘உயிர்கொல்லும் நடுமுகக் கட்டி’ என்றனர். அது பெயரன்று, திகைப்பு. அழற்சியா, புற்றா என்பதே பல்லாண்டு துலங்கவில்லை. 1990இல் ஜப்பானிய மருத்துவர் ஹராபுச்சியும் தோழர்களும் இத்தகைய கட்டிகளில் எப்ஸ்டீன்-பார் வைரஸின் மரபுப்பொருளைக் கண்டனர். உடலைக் காக்கும் ‘இயற்கைக் கொல்லி’ அணுக்களே, சிலபோது டி அணுக்களே, நெறி பிறழ்ந்து நிணநீர்ப் புற்றாகின்றன என்பதும் தெளிவாயிற்று. 1994இல் ஒரு பெயர். 2001இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் வேறொரு பெயர். தோலிலும் குடலிலும்கூட இது தோன்றுவதால், 2022இல் அப்பெயரிலிருந்து ‘மூக்குவகை’ என்னும் சொல் நீங்கிற்று.

இதனைக் கண்டறிதல் எளிதன்று. கட்டியின் மேற்பகுதி பெரும்பாலும் செத்த சதை. அதனை மட்டும் எடுத்து நோக்கினால் வெறும் அழற்சி என்றே தோன்றக்கூடும். ஆழத்திலிருந்து மீண்டும் சதை எடுத்து, சிடி56 முதலிய அடையாளப் புரதங்களையும் வைரஸின் சுவட்டையும் தேடினால்தான் உண்மை புலப்படும்.

அவ்வாறு அறிவதால் விளையும் நன்மை யாது? பிற நிணநீர்ப் புற்றுகளுக்கு வழங்கும் மருந்துகள் சிலவற்றை இவ்வணுக்கள் வெளியே தள்ளிவிடுகின்றன. ஆயின் அஸ்பராஜின் என்னும் சத்தைப் போதிய அளவு தாமே ஆக்கிக்கொள்ள இவற்றால் இயலாது. அந்தச் சத்தைச் சிதைக்கும் அஸ்பராஜினேஸ் என்னும் மருந்து இவற்றைப் பட்டினியிட்டு மாய்க்கிறது. நோய் ஓரிடத்தில் நிற்கும்போதே கண்டால் கதிர்வீச்சும் பெரிதும் கைகொடுக்கும்.

நம் இல்லங்களிலோ, கத்தி பட்டால் நோய் பரவும் என்னும் அச்சம் இன்றும் நீங்கவில்லை. இரண்டாம் முறை சதை கேட்டால், “முதலில் எடுத்தது என்னாயிற்று?” என்று சினந்து, நோயாளியை வீட்டுக்கு அழைத்து வந்தோரை நாம் கண்டிருக்கிறோம். இழந்த அந்த வாரங்களை யார் மீட்டுத் தருவார்?

தண்ணீர் ஓதிக் கொடுப்பது நம் மரபு. துஆச் செய்வது நம் கடமை. எனினும், நோயைத் தந்த இறைவன் அதற்கு மருந்தையும் தந்துள்ளான் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்த பாடமன்றோ! மருந்து உண்டெனில் அதைத் தேடுவதும் நம் கடனே. நோய் இன்னதென அறிவதே அத்தேடலின் முதற்படி. மீண்டும் சதை கேட்கும் மருத்துவரைத் தடுமாறுகிறார் என்று எண்ணற்க. அவர் அப்படியில்தான் நிற்கிறார். ஷிபா அளிப்பவன் அல்லாஹ். பொறுமையோடு உடன் நிற்க வேண்டியவர்கள் நாம்.